கோல்ஃப்: மட்டை பந்தைத் தொடும் கணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நாள்களில் அலுவலகம், வார இறுதியில் கோல்ஃப் திடல் என்று பதினான்கு ஆண்டுகளாக ஆடி வருகிறேன். நான் பயிற்சியாளன் அல்லன். பரிசுப் பணத்துக்காக ஆடாத அமெச்சூர். என்னோடு ஆடுபவர்களும், முதன்முறையாக மட்டை வாங்கப் போகிறவர்களும், பெரிய போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். மட்டையின் முகம் பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஏறத்தாழ அரை மில்லி நொடிதான். நுட்பம், கருவி, போட்டி எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு அந்தக் கணத்தில்தான் வந்து நிற்கிறது. கீழே உள்ள விளக்கங்கள் வலக்கை ஆட்டக்காரருக்கானவை; இடக்கை ஆட்டக்காரர்கள் திசைகளை மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பந்து கிளம்பும் திசையையும் அதன் வளைவையும் எது தீர்மானிக்கிறது?

பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, மோதும் கணத்தில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே. மட்டை வீசி வரும் பாதைக்கும் பங்கு உண்டு என்றாலும் அது சிறியது. மிக நீண்ட தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரில் ஏறத்தாழ 85 விழுக்காடும், தட்டையான உலோகத் தலை கொண்ட அயர்ன்களில் ஏறத்தாழ 75 விழுக்காடும் முகத்தின் பங்கு என்று ராடார் கருவிகளின் அளவீடுகள் சொல்கின்றன. வளைவோ முகத்துக்கும் பாதைக்கும் இடையிலான வேறுபாட்டால் உண்டாகிறது. பாதையோடு ஒப்பிட முகம் வலப்புறம் திறந்திருந்தால் பந்து வலப்புறம் வளையும். இடப்புறம் மூடியிருந்தால் இடப்புறம் வளையும்.

பல தலைமுறைகளாக இதைத் தலைகீழாகக் கற்பித்து வந்தார்கள். பாதைதான் பந்தின் தொடக்கத் திசையைத் தருகிறது, முகம் வளைவைத் தருகிறது என்பது பழைய பாடம். அந்தப் பாடத்தின்படி, நேரெதிரே நிற்கும் மரத்தைச் சுற்றிப் பந்தை வளைக்க விரும்புபவர் மட்டையின் முகத்தைக் குழியில் நட்டிருக்கும் கொடிக்கு நேராக வைத்து, மரத்துக்கு வெளியே வீச வேண்டும். அப்படி அடித்த பந்து மரத்தில் மோதுவதைப் பலரும் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். ஆனால் தங்கள் வீச்சில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டார்கள். டிராக்மேன் போன்ற ராடார் கருவிகள் பரவிய பிறகுதான், பிழை பாடத்தில் இருந்தது என்பது தெளிவாயிற்று. தம் அடியைத் தாமே திருத்திக்கொள்ள விரும்பும் அமெச்சூருக்கு இந்த ஒரு செய்தியைவிடப் பயனுள்ளது வேறொன்றும் இல்லை என்பது என் கருத்து.

என் டிரைவர் அடி எப்போதும் வலப்புறம் வளைந்து போய்விடுகிறது. ஸ்லைஸ் எனப்படும் இந்த வளைவைத் திருத்த என்ன வழி?

முதலில், அது ஏன் நாளுக்கு நாள் மோசமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பந்து வலப்புறம் போவதால் ஆட்டக்காரர் இயல்பாகவே இடப்புறம் குறி வைக்கத் தொடங்குகிறார். தோள்கள் இடப்புறம் திரும்பிவிடுவதால் மட்டை வெளியிலிருந்து உட்புறமாகப் பந்தை வெட்டிக்கொண்டு வருகிறது. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடு இன்னும் பெருகி, வளைவும் கூடுகிறது. வளைவு கூடக் கூட அவர் மேலும் இடப்புறம் திரும்பி நிற்கிறார்.

இந்தச் சுழலை உடைக்கும் இடம் பிடிதான். இடக்கையால் மட்டையைப் பிடித்துக் குனிந்து பார்த்தால், கையின் பின்புற முட்டிகளில் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று, கண்ணுக்குத் தெரிய வேண்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலான மடிப்பு வலத் தோளை நோக்கி இருக்க வேண்டும். ஒரே ஒரு முட்டி தெரியும் பிடியோடு முகத்தைச் சரியான நேரத்தில் மூடுவது, வாரம் ஒரு முறை ஆடுபவருக்கு மிகக் கடினம். புதிய பிடியோடு 8-அயர்னை எடுத்து, இடுப்பு உயரம் வரை மட்டும் வீசி, பந்து இடப்புறம் லேசாக வளையும் வரை பொறுமையாக அடியுங்கள். வளைவு மாறிய பின்பு பாதையைத் திருத்துவது எளிது, ஏனென்றால் இடப்புறம் குறி வைக்க வேண்டிய கட்டாயம் உங்கள் உடலுக்கு இனி இருக்காது. புதிய பிடி கைக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் அது தவறாகவே தோன்றும்; பழைய பிடிக்குத் திரும்பிவிடாதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. டிரைவரின் முகம் சற்றுக் குவிந்தது. ஹீல் எனப்படும் பிடிப்பக்க ஓரத்தில் பந்து பட்டால், மட்டையின் தலை திருகிக்கொண்டு பந்துக்கு வலப்புறச் சுழற்சி கொடுக்கும். வெளி ஓரமான டோவில் பட்டால் சுழற்சி இடப்புறமாக இருக்கும். ஆகவே வீச்சு சரியாக இருந்தும் ஸ்லைஸ் வருகிறதென்றால், பந்து முகத்தின் எந்த இடத்தில் படுகிறது என்பதை அவசியம் பார்க்க வேண்டும்.

பந்து முகத்தின் நடுவில் படுகிறதா என்பதை எப்படி அறிவது?

வெண்பலகையில் எழுதும் மார்க்கர் பேனா ஒன்று போதும். பந்தில் பத்துப் பைசா நாணயம் அளவுக்கு அடர்த்தியாக ஒரு வட்டம் தீட்டி, அந்த வட்டம் மட்டையின் முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். மை காய்வதற்குள் அடிக்க வேண்டும். அடித்ததும் முகத்தில் பதிந்திருக்கும் நீலக் கறையைப் பாருங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த பந்தை வையுங்கள். பத்துப் பந்துகள் அடித்தால் உங்கள் வழக்கம் தெரிந்துவிடும். நான் முதன்முறை இதைச் செய்தபோது பத்தில் ஏழு கறைகள் ஹீல் பக்கமாக, ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய இடத்தில் குவிந்திருந்தன. பந்திலிருந்து அரை அங்குலம் தள்ளி நின்றதும் கறைகள் நடுவுக்கு வந்துவிட்டன. இரண்டு ஆண்டுகளாக வீச்சில் தேடிக்கொண்டிருந்த பிழை, நான் நின்ற இடத்தில் இருந்திருக்கிறது.

அயர்னைக் கீழ்நோக்கியும் டிரைவரை மேல்நோக்கியும் அடிக்கச் சொல்வது ஏன்?

அயர்ன் அடியில் பந்து தரையில் கிடக்கிறது. மட்டை தன் வளைபாதையின் அடிப்புள்ளியை அடைவதற்கு முன்பே பந்தைத் தொட்டால்தான் முகத்துக்கும் பந்துக்கும் இடையில் புல்லும் மண்ணும் சிக்காது. நல்ல ஆட்டக்காரர் புல்லைச் செதுக்கிய தடம், அதாவது டிவோட், பந்து கிடந்த இடத்துக்கு முன்னால் தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். டிரைவர் அடியில் பந்து டீ எனப்படும் சிறு முளையின்மேல் உயரத்தில் இருப்பதால், மட்டை மேலேறும்போது தொட முடிகிறது. அப்போது பந்து உயரமாகவும் குறைந்த சுழற்சியோடும் கிளம்பிக் கூடுதல் தூரம் போகிறது.

இதில் ஆண் அமெச்சூர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. அமெரிக்க ஆண்கள் தொழில்முறைச் சுற்றான பிஜிஏ டூரில் டிரைவர் வீச்சின் சராசரி வேகம் மணிக்கு 113 மைல் அளவில் இருந்தது. அவர்கள் சராசரியாகச் சற்றுக் கீழ்நோக்கியே டிரைவரை அடிக்கிறார்கள். அந்த வேகம் இருப்பதால் அவர்களுக்கு அது கட்டுப்படியாகிறது. பெண்களுக்கான எல்பிஜிஏ டூரில் சராசரி வேகம் 94 மைல் அளவில் இருந்தது. அங்கே ஏறத்தாழ மூன்று பாகை மேல்நோக்கி அடிக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோரின் வேகம் இந்த இரண்டாவது எண்ணுக்கு அருகில்தான் இருக்கிறது. எனவே டிரைவரை எப்படி அடிப்பது என்று கற்க விரும்பும் வார இறுதி ஆட்டக்காரர், பெண்கள் போட்டிகளைப் பார்ப்பதே சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

பங்கர் எனப்படும் மணல்குழியிலிருந்து பந்தை எடுக்கவே முடியவில்லை. என்ன செய்வது?

மட்டை பந்தைத் தொடக்கூடாத ஒரே அடி இதுதான். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மட்டை மணலுக்குள் நுழைந்து, பந்துக்கு அடியிலுள்ள மணலோடு சேர்த்துப் பந்தை வெளியே தள்ள வேண்டும். இதற்காகவே உருவானது சாண்ட் வெட்ஜ். அதன் அடிப்பாகம் முன்விளிம்பைவிடக் கீழே தொங்குமாறு சாய்ந்திருக்கும். பவுன்ஸ் எனப்படும் இந்தச் சாய்வு, மட்டை மணலில் புதைந்துவிடாமல் வழுக்கிச் செல்ல உதவுகிறது. அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன், விமானத்தின் இறக்கை அசைவைப் பார்த்துத் தோன்றிய எண்ணத்தால் தம் மட்டையின் அடியில் ஈயத்தை உருக்கி ஒட்டியதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மட்டையோடுதான் அவர் 1932இல் இங்கிலாந்தின் பிரின்ஸஸ் திடலில் நடந்த ஓப்பன் போட்டியை வென்றார்.

பயிற்சிப் பங்கரில் பந்தே இல்லாமல் தொடங்குங்கள். மணலில் மட்டைக்காம்பால் ஒரு நீண்ட கோடு கிழித்து, அதன் மேல் நடந்துகொண்டே ஒவ்வோர் அடியிலும் மட்டை கோட்டில் சரியாக நுழைகிறதா என்று பாருங்கள். மட்டையின் முகத்தைச் சற்றுத் திறந்துவைத்த பிறகு பிடியுங்கள். பிடித்த பிறகு மணிக்கட்டைத் திருப்பினால் அடிக்கும்போது முகம் பழையபடி மூடிக்கொள்ளும். பயத்தால் வீச்சைப் பாதியில் நிறுத்துவதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். போட்டியின்போது பங்கரில் மணலை மட்டையால் தொட்டுச் சோதிப்பது விதிமீறல் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டிங்தான் ஆட்டத்தை வெல்கிறது என்கிறார்களே, உண்மையா?

அந்த நம்பிக்கை பழையது. எண்கள் அதை முழுதும் ஆதரிக்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, பிஜிஏ டூரில் அடிக்கப்பட்ட லட்சக்கணக்கான அடிகளின் பதிவுகளை ஆராய்ந்து, ஒவ்வோர் அடியும் சராசரி ஆட்டக்காரரோடு ஒப்பிட எவ்வளவு லாபம் தந்தது என்று கணக்கிடும் முறையை வகுத்தார். ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் என்ற பெயரில் பிஜிஏ டூர் அதை 2011இல் பட்டிங்குக்கு ஏற்றுக்கொண்டு, பின்னர் மற்ற அடிகளுக்கும் விரித்தது. சிறந்த ஆட்டக்காரருக்கும் சராசரி ஆட்டக்காரருக்கும் இடையிலான வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையான கிரீனை எட்டுவதற்கான நீண்ட அடிகளில்தான் உண்டாகிறது என்பது அவருடைய முடிவு.

அதே ஆய்வில் மனத்தை ஆற்றும் எண்களும் இருக்கின்றன. ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தொலைவிலிருந்து உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களே இரண்டில் ஒன்றைத்தான் குழியில் போடுகிறார்கள். ஆறு மீட்டரிலிருந்து நூற்றுக்குப் பதினைந்து. தொலைக்காட்சி, விழுந்த பந்துகளையே அதிகம் காட்டுவதால், அவர்கள் எல்லாவற்றையும் போட்டுவிடுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆறு மீட்டர் பட்டைத் தவறவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்ளும் நண்பர்களிடம் இந்த எண்ணைச் சொல்வது என் வழக்கம். நமக்கு அங்கிருந்து முதல் வேலை, இரண்டாவது பட் ஒரு மீட்டருக்குள் இருக்குமாறு தூரத்தைக் கணிப்பது.

புதிதாக ஆடுபவர் எத்தனை மட்டைகள் வாங்க வேண்டும்?

விதிப்படி பையில் 14 மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் ஏழு போதும். டிரைவர் அல்லது 3-வுட், ஒரு ஹைப்ரிட், 6, 8 அயர்ன்கள், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். பழைய மட்டைகளை வாங்கத் தயங்க வேண்டாம். டிரைவர் தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றும், முகத்தின் துள்ளலுக்கு ஒரு வரம்பு உண்டு என்றும் விதிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டுப்படுத்திவிட்டன. ஐந்தாறு ஆண்டு பழைய டிரைவரால் நீங்கள் இழக்கும் தூரம் மிகக் குறைவு.

மட்டையை உடலுக்கு ஏற்ப அளவெடுத்து வாங்குவது அவசியமா?

அவசியம். தேர்ந்த ஆட்டக்காரர்களைவிட நமக்கே அது கூடுதலாக உதவும். முதல் முழு செட்டை நான் வாங்கியபோது, என் வீச்சை ஒரு முறைகூடப் பார்க்காமல், இளவயது ஆணுக்கு இதுதான் பொருந்தும் என்று கடைக்காரர் ஸ்டிஃப் எனப்படும் விறைப்பான காம்பு போட்ட அயர்ன்களைக் கொடுத்தார். மூன்று ஆண்டுகள் பந்து தாழ்வாகவும் வலப்புறமாகவும் போயிற்று. பின்னர் ஒரு பயிற்சியாளர் வேகத்தை அளந்து, ரெகுலர் காம்பு போதும் என்றார். மாற்றிய அன்றே பந்து எழும்பும் உயரம் மாறியது.

காம்பின் விறைப்பைப் போலவே முக்கியமானது லை கோணம், அதாவது மட்டையின் அடிப்பாகம் தரையில் படியும்போது காம்பு நிற்கும் கோணம். அது தேவைக்கு மேல் நிமிர்ந்திருந்தால் டோ மேலே தூக்கிக்கொண்டு பந்து இடப்புறம் போகும். சரிந்திருந்தால் வலப்புறம் போகும். இதை அறியாதவர் வீச்சை மாற்றி மாற்றி அலுத்துப்போவார்.

டிரைவரின் நீளத்தையும் கவனியுங்கள். கடைகளில் 45½ அங்குலம் அல்லது அதற்கும் நீளமான டிரைவர்களே அதிகம். தொழில்முறை ஆட்டக்காரர் பலர் அதைவிடக் குட்டையானதையே பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் முகத்தின் நடுவில் பந்து பட்டால் கிடைக்கும் தூரம், நீளத்தால் கிடைக்கும் வேகத்தைவிடப் பெரியது.

என் நண்பர் 7-அயர்னில் 165 கெஜம் அடிக்கிறார், நான் 145தான். என் வீச்சு பலவீனமா?

மட்டையின் அடியில் பொறித்திருக்கும் எண்ணை ஒப்பிடாதீர்கள். லாஃப்ட் எனப்படும் முகச் சாய்வைக் கேளுங்கள். ஒரு காலத்தில் 7-அயர்னின் சாய்வு 35 பாகைக்கு அருகில் இருந்தது. இன்று எளிதாக அடிக்கவென விற்கப்படும் பல செட்களில் அது 30 பாகை அல்லது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அவர் அடிப்பது உங்கள் 6-அயர்னாக இருக்கலாம்.

எந்தப் பந்தை வாங்குவது?

பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, எடை 45.93 கிராமுக்கு மேற்படக்கூடாது என்பது விதி. வேறுபாடு உறையிலும் உள்ளடுக்கிலும் இருக்கிறது. யூரித்தேன் உறை மென்மையானது. கிரீனுக்கு அருகில் வெட்ஜால் அடிக்கும்போது நன்றாகப் பற்றிக்கொண்டு சுழலும். அயனோமர் உறை கெட்டியானது, விலை குறைவு, எளிதில் கிழியாது. ஒரு சுற்றில் நான்கைந்து பந்துகளைத் தொலைக்கும் நிலையில் இருப்பவர் விலை உயர்ந்த பந்து வாங்குவதில் பயன் இல்லை. ஆனால் எதை வாங்கினாலும் அதையே தொடர்ந்து ஆடுங்கள். கண்டெடுத்த பந்துகளைக் கலந்து ஆடுபவருக்கு, கிரீனுக்கு அருகில் பந்து எவ்வளவு உருளும் என்பது ஒருபோதும் கைக்குப் பழகாது.

பந்தின்மேல் இருக்கும் முந்நூறுக்கு மேற்பட்ட குழிவுகள் அழகுக்காக அல்ல. அவை பந்தை ஒட்டிய காற்றைக் கலக்கி, பந்துக்குப் பின்னால் உருவாகும் வெற்றிடம் போன்ற இழுவையைக் குறைக்கின்றன. வழவழப்பான பந்து ஏறத்தாழ பாதித் தூரமே போகும்.

ஊட்டியில் பந்து கூடுதல் தூரம் போவது ஏன்? சென்னையின் ஈரக்காற்று பந்தைத் தடுக்கிறதா?

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடை குறைவதால், சென்னையில் 150 கெஜம் போகும் அடி அங்கே பத்துக் கெஜம் அளவுக்குக் கூடுதலாகப் போகலாம். மலைச்சரிவின் ஏற்ற இறக்கத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். காற்று மெலிந்திருப்பதால் வளைவும் சற்றுக் குறையும்.

ஈரக்காற்று கனமானது என்பது தவறான எண்ணம். நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட இலேசானது. ஆகவே ஈரக்காற்று மிகச் சிறிதளவு இலேசானதுதான். சென்னையில் தூரத்தைக் குறைப்பது கடற்காற்றின் எதிர்ப்பும், வியர்வையில் வழுக்கும் பிடியும். மே மாதத்தில் ஒரே கையுறையோடு 18 குழிகளும் ஆட நினைக்காதீர்கள். இரண்டு மூன்று கையுறைகளைப் பையில் தொங்கவிட்டு மாற்றி மாற்றி அணியுங்கள். தேய்ந்த ரப்பர் பிடிகளை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். வழுக்கும் என்ற அச்சத்தில் கை இறுகும்; கை இறுகினால் முகம் திறந்தபடியே பந்தை மோதும்.

ஆட்டக்காரரின் திறமையைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

2020 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே முறை நடைமுறைக்கு வந்தது. கடைசி 20 சுற்றுகளின் எண்ணிக்கைகளைத் திடலின் கடினத்துக்கு ஏற்பச் சரிசெய்து, அவற்றில் சிறந்த எட்டின் சராசரியே உங்கள் ஹேண்டிகேப் இண்டெக்ஸ். மிக அதிகமாக அது 54.0 இருக்கலாம். நல்ல நாள்களின் சராசரி என்பதால், பெரும்பாலான நாள்களில் அதைவிட அதிகமாகவே அடிப்பீர்கள். அதில் வருந்த ஒன்றும் இல்லை.

திடலுக்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்ள வேண்டும். இண்டெக்ஸை அந்தத் திடலின் கடினத்தைக் குறிக்கும் ஸ்லோப் எண்ணால் பெருக்கி 113ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து (தேர்ந்த ஆட்டக்காரரிடம் அங்கே எதிர்பார்க்கப்படும் அடிகள்) பாரை (திடலுக்கு வகுத்திருக்கும் அடிகள்) கழித்து வருவதைக் கூட்ட வேண்டும். இண்டெக்ஸ் 18.0, ஸ்லோப் 125, ரேட்டிங் 71.2, பார் 72 என்றால், 19.9இலிருந்து 0.8 குறைந்து 19.1 வரும், அன்று நீங்கள் 19 ஹேண்டிகேப்பில் ஆடுவீர்கள். எழுபது வயது தந்தையும் இருபது வயது மகளும் சமமாகப் போட்டியிட வைக்கும் இந்த ஏற்பாடு மற்ற விளையாட்டுகளில் அரிது. கோல்ஃபை நான் நேசிப்பதற்கு இதுவே முதல் காரணம்.

பந்து தொலைந்துவிட்டால்?

தேடுவதற்கு மூன்று நிமிடம். 2019க்கு முன்பு ஐந்து நிமிடம் இருந்தது. கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டனையோடு முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். எனவே தொலைந்திருக்கலாம் என்று தோன்றியவுடன், அறிவித்துவிட்டு மாற்றுப் பந்து ஒன்றை அடித்துவிட்டுத் தேடப் போங்கள்.

மேஜர் போட்டிகள் எவை? அவற்றுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

ஆண்களுக்கு நான்கு. ஏப்ரலில் அகஸ்டா நேஷனல் திடலில் மாஸ்டர்ஸ், மே மாதத்தில் பிஜிஏ சாம்பியன்ஷிப், ஜூனில் யுஎஸ் ஓப்பன், ஜூலையில் பிரிட்டனின் ஓப்பன். இவற்றுள் மூத்தது ஓப்பன். 1860இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் தொடங்கியது. மாஸ்டர்ஸ் 1934இல் தொடங்கியது. அது மட்டுமே ஒவ்வோர் ஆண்டும் ஒரே திடலில் நடக்கிறது. பெண்களுக்கு ஐந்து மேஜர்கள். நான்கு நாள்களில் 72 குழிகள். இரண்டு நாள் முடிந்ததும் பின்தங்கியவர்கள் வெளியேற வேண்டும்.

ஜாக் நிக்லஸ் 18 மேஜர்களும் டைகர் வுட்ஸ் 15 மேஜர்களும் வென்றிருக்கிறார்கள். வுட்ஸ் 2000ஆம் ஆண்டு பெபிள் பீச்சில் யுஎஸ் ஓப்பனை 15 அடி வித்தியாசத்தில் வென்றதைப் போன்ற ஆட்டத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. நான்கு மேஜர்களையும் வாழ்நாளில் வென்றவர்கள் வெகு சிலரே; 2025 ஏப்ரலில் மாஸ்டர்ஸை வென்று ரோரி மெக்கில்ராய் அந்த வரிசையில் ஆறாவதாகச் சேர்ந்தார். நவீன ஆட்டத்தில் நான்கையும் வென்ற மற்ற ஐவர்: சாரசன், பென் ஹோகன், கேரி பிளேயர், நிக்லஸ், வுட்ஸ்.

இந்திய ஆட்டக்காரர்களில் யாரைப் பின்தொடரலாம்?

முதலில் அதிதி அசோக். பெங்களூரைச் சேர்ந்த அவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்தபடி களமிறங்கி, நான்கு நாள்களும் பதக்க வரிசையை ஒட்டியே ஆடி, ஒரே அடியில் வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். அவருடைய தாயார்தான் அங்கே கேடியாகப் பை சுமந்தார். அதிதி நீளமாக அடிப்பவர் அல்லர். மற்றவர்கள் குட்டை அயர்னால் கிரீனை நோக்கி அடிக்கும் இடத்தில் அவர் நீண்ட மட்டையை எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் குறையைத் துல்லியமான அடியாலும் பட்டராலும் ஈடுகட்டினார். கடைசி நாள் அதிகாலையில் எழுந்து, அதுவரை கோல்ஃபே பார்த்திராத என் வீட்டாரோடு அமர்ந்து பார்த்தேன். அவர் ஒவ்வொரு பட்டுக்கும் முன்பு அவசரப்படாமல் ஒரே ஒழுங்கில் நடந்துகொண்டதை இன்றும் பயிற்சியின்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஆண்களில் அர்ஜுன் அட்வால் 2010இல் விண்டம் சாம்பியன்ஷிப்பை வென்று, பிஜிஏ டூரில் வெற்றி பெற்ற முதல் இந்தியரானார். அந்தப் போட்டிக்கே திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றில் ஆடித்தான் நுழைந்தார். அனிர்பன் லாகிரி 2022 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் கேமரன் ஸ்மித்திடம் ஒரே அடியில் பின்தங்கி இரண்டாம் இடம் பெற்றார். எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தந்தை, 1829இல் தொடங்கப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ஃப் மன்றத்தில் புல் பராமரிப்பவராக இருந்தவர். அந்தத் திடலில் பார்த்துப் பார்த்தே கற்ற மகன் 2008இல் தில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸை வென்றார்.

தொலைக்காட்சியில் போட்டி பார்க்கும்போது எதைக் கவனித்தால் நம் ஆட்டத்துக்கு உதவும்?

வீச்சின் வேகத்தை விட்டுவிட்டு, அவர்கள் எங்கே குறி வைக்கிறார்கள் என்று பாருங்கள். கொடி கிரீனின் வலது ஓரத்தில், பங்கருக்குப் பின்னால் இருந்தால், பெரும்பாலோர் கொடியை நோக்கி அடிப்பதில்லை. கிரீனின் நடுப்பக்கமாகவே அடிக்கிறார்கள். 150 கெஜத்திலிருந்து அவர்கள் அடிக்கும் பந்தே சராசரியாக எட்டு ஒன்பது மீட்டர் தள்ளித்தான் நிற்கிறது. தங்கள் தவறு எவ்வளவு அகலமானது என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். நம் தவறு அதைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். ஆனாலும் நாம் கொடியையே பார்த்து அடிக்கிறோம். கேடியும் ஆட்டக்காரரும் பேசிக்கொள்வது ஒலிவாங்கி வழியாகக் கேட்கும்போது ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். காற்று, பந்து விழ வேண்டிய இடம், தவறினால் எந்தப் பக்கம் தவறலாம் என்பவைதான் அவர்கள் பேச்சில் இருக்கும். வீச்சின் நுட்பம் அரிதாகவே வரும்.

வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் கிடைக்கிறது. எப்படிப் பயிற்சி செய்வது?

ஒரு மணி நேரம் அயர்ன்களுக்கு. நூறு பந்துகளை வேகமாக அடித்துத் தீர்க்காமல், நாற்பது பந்துகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் குறியை மாற்றி, மட்டையையும் மாற்றி அடியுங்கள். பத்துப் பந்துக்கு ஒரு முறை மார்க்கர் வட்டம் போட்டு முகத்தைச் சோதியுங்கள். டிரைவருக்கு அரை மணி நேரம். திடலில் இரண்டு கம்பங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்கு இடையே எத்தனை போகின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பங்கருக்கும் கிரீனைச் சுற்றியுள்ள குட்டை அடிகளுக்கும் முக்கால் மணி நேரம். மீதி பட்டருக்கு: பாதி நேரம் பத்து மீட்டருக்கு மேலிருந்து தூரத்தைக் கணிக்கவும், பாதி நேரம் ஒன்றரை மீட்டருக்குள்ளும். குழிக்கு முன்னால், பட்டரின் தலை நுழையும் அளவு இடைவெளி விட்டு இரண்டு டீக்களைக் குத்தி, அவற்றைத் தொடாமல் தொடர்ச்சியாக இருபது பந்துகளைப் போட்ட பிறகே வீட்டுக்குக் கிளம்புவேன்; பத்தொன்பதாவது தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவேன்.